துணைக்கு இருந்தவர்கள்

பரிதி சிரித்த சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. ஏறக்குறைய ஒரு வருடமாகச் சிரிக்காத மனிதன். சாப்பாட்டுப் பையோடு வந்துகொண்டிருந்த இலக்கியா அப்படியே நின்றுவிட்டாள். முதலில் தனக்கு வந்தது சந்தோஷம்தான் என்று பிற்பாடு பலமுறை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு யாருக்கானது என்று தெரிந்துபோனது. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் செரின் உட்கார்ந்திருந்தாள். அவள் ஏதோ சொல்ல, பரிதி தலையணையில் சாய்ந்தபடி அவள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் இலக்கியாவை அப்படிப் பார்த்திருக்கிறான். அதற்கப்புறம் எப்போது பார்த்தான் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

வயிறு எரிந்தது. உள்ளே போகாமல் பையை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு அவள் வெளியாள் அல்ல. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், உப்பளங்களைப் பார்த்தபடி இருந்த அந்த மனநல ஆஸ்பத்திரியில் அவள் வெகுகாலமாக நர்ஸ். அதிலும் துணை நர்ஸ். செரின் உட்கார்ந்திருந்த அதே மாதிரி நாற்காலிகளில் எத்தனையோ பேருக்குத் துணைக்கு உட்கார்ந்தவள். செரினுக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

மனச்சோர்வுக்கு முன்பெல்லாம் மாத்திரை மட்டும்தான். போட ஆரம்பித்தால் குணம் தெரிய வாரக்கணக்காகும். அதற்குள் வாய் உலரும், குமட்டும், தூக்கம் கெடும். பாதிப் பேர் நடுவிலேயே விட்டுவிடுவார்கள். அப்புறம்தான் திறப்பு மருந்து வந்தது. வாரம் ஒருமுறை மூக்கில் பீய்ச்சினால் ஒரு மணி நேரத்துக்கு மனம் இளகிக் கிடக்கும். பூசி இன்னும் ஈரம் காயாத சிமென்ட் தரை மாதிரி. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் மனதில் என்ன இருக்கிறதோ அது அப்படியே அதில் பதியும். அமைதியான ஒருவர் உட்கார்ந்தால் அமைதி இறங்கும். இது தெரியாத ஆரம்ப காலத்தில் சொந்தக்காரர்களையே உட்கார வைத்தார்கள். எப்போதும் பதறிக்கொண்டே இருக்கும் ஓர் அப்பா மகனுக்குத் துணைக்கு உட்கார்ந்தார். மகன் மருந்து முடிந்து எழுந்தபோது மனச்சோர்வு போயிருந்தது, ஆனால் அதன்பிறகு அவனால் தனியாகத் தெருவைக் கடக்க முடியவில்லை. அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ் மட்டுமே துணை இருக்கலாம். ரத்த சொந்தம் கூடாது. கணவன் மனைவி கூடவே கூடாது. உள்ளே போகும் முன் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டுவார்கள். நாடியையும் ரத்தத்தில் ஊறும் பதற்றத்தையும் அது படிக்கும். பச்சை எரிந்தால்தான் கதவு திறக்கும்.

ஒரு சங்கடம் மட்டும் மிச்சம் இருந்தது. துணை இருந்தவர்மேல் நோயாளிக்கு ஒரு பிடிப்பு வந்துவிடும். ஆத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்காரர் சிஸ்டரைப் பார்க்கிற மாதிரி தன்னை ஒருநாளும் பார்த்ததில்லை என்று அழுதிருக்கிறாள். அது மருந்து செய்கிற வேலை, பால்பல் மாதிரி, மருந்தைப் படிப்படியாகக் குறைக்கும்போது தானாக விழுந்துவிடும் என்று இலக்கியா அவளுக்குச் சொன்னாள். சொல்லும்போது உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

பரிதி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். அவனுக்கு மனச்சோர்வு வர ஒரு காரணமும் இல்லை. வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் காரணம் கேட்டார்கள். சொல்ல எதுவும் இல்லாததால் அவன் கூடுதலாக ஒடுங்கினான். அவர்கள் இருவர் மட்டுமே இருந்த வீட்டை இலக்கியா வார்டு மாதிரி நடத்தினாள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை, விழுங்கியபின் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்ப்பது. ஒன்றிலும் அவள் குறை வைக்கவில்லை. மாத்திரைகள் கேட்காமல் போனபோது டாக்டர் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துத் திறப்பு மருந்துக்கு எழுதினார். தானே துணை உட்காருகிறேன் என்று இலக்கியா தலைமை நர்ஸ் மெஹர் மேடத்திடம் போய்க் கேட்டாள். சட்டம் தெரிந்தும் கேட்டாள்.

“உன்னைவிட நல்லா உட்காருறவ இந்த ஆஸ்பத்திரியில இல்ல. ஆனா அவருக்கு நீ உட்காரக் கூடாது” என்றார் மேடம். “பாசத்துலதான் கேக்குற, தெரியும். அந்தப் பாசத்துக்கு அடியில என்னென்ன கெடக்குன்னு உனக்கே தெரியாது இலக்கியா. அது அத்தனையும் சேர்ந்துதான் அவருக்குள்ள இறங்கும்.”

இலக்கியா தலையாட்டினாள். செரினின் பெயரைச் சொன்னதுகூட அவள்தான்.

இரண்டாவது மருந்துக்குப் பிறகு பரிதி தானாக எழுந்து குளித்தான். மூன்றாவதுக்குப் பிறகுதான் அந்தச் சிரிப்பு. தொட்டதற்கெல்லாம் செரின் பெயர் வந்தது. செரின் இப்படிச் சொன்னா, செரினுக்கு இது பிடிக்கும், செரின் வாற நேரம் ஆயிட்டு. ஒருநாள் செரின் அவளைச் சாப்பாட்டு அறையில் பார்த்தபோது வெகு இயல்பாகச் சொன்னாள்: “அக்கா, சாருக்கு நெத்திலிக் கருவாடு ஆகவே ஆகாதாமே. உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு சொன்னாரு. நீங்க ஆசையா வைக்கிறீங்களாம்.”

செரின் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இலக்கியாவும் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து வாரம் தவறாமல் அந்தக் கருவாட்டுக் குழம்பை வைத்து, அவன் தட்டில் இரண்டாம் முறை ஊற்றியவள் அவள். இத்தனை வருடங்களாகத் தன்னிடம் சொல்லத் தோன்றாத ஒன்றை, நேற்று வந்த ஒருத்தியிடம் அவன் சொல்லியிருக்கிறான். அன்றைக்குப் பூராவும் அவளுக்கு வேலை ஓடவில்லை. இது மருந்து, இது மருந்து என்று மந்திரம்போல் சொல்லிப் பார்த்தாள். ஆத்தூர்ப் பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

ஐந்தாவது மருந்தன்று செரினுக்குக் காய்ச்சல். மேடம் கூட்டத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தார். செரினுக்குப் பதிலாகப் போடப்பட்ட நர்ஸ் புதியவள். பரிதி யாருடைய கணவன் என்று அவளுக்குத் தெரியாது. தான் பார்த்துக்கொள்கிறேன் என்று இலக்கியா சொன்னதும் அவள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தடுக்க அங்கே யாரும் இல்லை. பட்டையைக் கட்டிக்கொண்டு, பல வருடப் பழக்கத்தில் மூச்சை இழுத்து விட்டாள். பச்சை எரிந்தது. கதவு திறந்தது. அந்த நிமிடம் அவள் நிஜமாகவே அமைதியாகத்தான் இருந்தாள்.

மருந்து ஏறி, பரிதியின் கண்கள் மெல்ல இளகின. நாற்காலிப் பக்கம் திரும்பினான். அவளைப் பார்த்தான்.

“செரின் வரலியா?” என்றான்.

அவ்வளவுதான். அவளுக்குள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் குபுகுபுவென்று மேலே வந்தது. வாயைத் திறந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைக்கூடச் சாந்தமாகவே வைத்திருந்தாள். ஆனால் உள்ளே எரிந்தது. நான் என்ன குறை வைத்தேன், உன்னைத் தூக்கி நிறுத்தியது நான், உன் சிரிப்பை வாங்கிக்கொண்டு போவது அவளா என்று எரிந்தது. பட்டையில் பச்சை அணைந்தது. எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல் பாடமே அதுதான்: பச்சை போனால் எழுந்து போய்விடு, நாற்காலி காலியாக இருந்தாலும் பரவாயில்லை. அவள் எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு மணி நேரமும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரிதியின் பார்வை அவளைவிட்டு நகரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை வெற்றி என்றுதான் அவள் நினைத்தாள். காய்ச்சல் குணமாகி வந்த செரினை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆறாவது மருந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நன்றாகத் தேறிவிட்டதாகத்தான் டாக்டருக்கும் பட்டது. அன்றாட மாத்திரையை மட்டும் தொடரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். எக்காரணம் கொண்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று செரின் வாசல்வரை வந்து சொன்னாள். எனக்கே சொல்லுகிறாயா என்பதுபோல் இலக்கியா அவளைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

வீட்டில் பரிதி அவளையே சுற்றிச் சுற்றி வந்தான். அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்று, “இன்னைக்கு யாருகூட உட்காரப் போற?” என்று கேட்பான். முதல் நாள் அந்தக் கேள்வி அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. வயசான அம்மா ஒருத்தி என்றாள். மறுநாளும் கேட்டான். ஆணா பெண்ணா, என்ன வயது, கையைப் பிடித்துக்கொள்வாயா என்று கேட்டான். பிறகு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தான். இதுவரை எத்தனை பேருக்கு உட்கார்ந்திருப்பாய், அவர்களெல்லாம் உன்னை என் மாதிரிதானே பார்த்திருப்பார்கள் என்று ஒருநாள் கேட்டான். குரலில் கோபமில்லை. யாரோ கேட்கச் சொல்லி அனுப்பியவனைப்போல் கேட்டான்.

இப்போது அவள் நாக்குக்கு அடியில் பார்ப்பதில்லை. நர்ஸாக இருந்துதானே அவனைத் தொலைத்தோம், இனி பெண்டாட்டியாக மட்டும் இருப்போம் என்று எண்ணியிருந்தாள்.

ஒரு மத்தியானம் தலைவலி என்று சொல்லிச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தாள். கூடம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. பரிதி குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில், அவன் உயிராக வைத்திருந்த தொலைநோக்கியைத் துணியில் சுற்றிக் கட்டி வைத்திருந்தான். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், புத்தகங்களையும் பக்கத்து வீட்டு சாரிடம் கொடுத்துவிட்டேன் என்றான். முகம் தெளிவாக இருந்தது. ரொம்பத் தெளிவாக இருந்தது.

வேறு யாராவது பார்த்திருந்தால் ஆள் தேறிவிட்டான் என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். இலக்கியாவோ நேராகப் படுக்கை அறைக்குப் போய் மாத்திரை அட்டையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாட்களிலேயே நிறுத்தியிருக்கிறான். மனச்சோர்வில் கிடப்பவனுக்கு முதலில் கை கால்களுக்குத்தான் தெம்பு வரும், மனதுக்கு வருவது அப்புறம்தான், அந்த நடுவாந்திரத்தில்தான் ஆளைக் கண்ணில் வைத்துக் காக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தன் வீட்டில் அந்த நடுவாந்திரம் வந்து உட்கார்ந்திருப்பது அவள் கண்ணில் படவில்லை.

திரும்பி வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

“ஏங்க, செத்துப்போயிரணும்னு தோணுதா?”

“ஆமா” என்றான். சொன்னதும் அவன் தோள் தளர்ந்தது, சுமையை இறக்கி வைத்தவன் மாதிரி.

“மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?”

“அது செரின் சொல்லி அனுப்பின மாத்திரை. உனக்குப் பிடிக்காதுன்னு தோணிச்சு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். “தலைக்குள்ள கரண்ட் அடிக்க மாதிரி இருக்கு இலக்கியா. உள்ள ஒண்ணு எரிஞ்சிக்கிட்டே கெடக்கு. நீ வெளிய போனா எரியுது, வந்தாலும் எரியுது. அது என்னோடது மாதிரியே இல்ல. எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. நான் போயிட்டா அது அணைஞ்சிரும்ல?”

எங்கிருந்து வந்தது என்று இலக்கியாவுக்குத் தெரியும். தன் வயிற்றில் எரிந்ததை அப்படியே எடுத்து அவன் வயிற்றில் வைத்திருக்கிறாள்.

அவன் கையை விடாமல் இன்னொரு கையால் மெஹர் மேடத்துக்குப் போன் போட்டாள். அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்தது, பச்சை போன பிறகும் எழுந்திருக்காதது, எதையும் விடவில்லை. மேடம் திட்டவில்லை. மாத்திரையை என்றைக்கு நிறுத்தினார், நடுவில் சளிக்கு, வலிக்கு என்று வேறு ஏதாவது மருந்து குடித்தாரா, காய்ச்சலோ நடுக்கமோ உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இருமல் டானிக், நாட்டு மருந்து எதுவானாலும் சொல், இதோடு சேரக் கூடாதவை இருக்கின்றன என்றார். விட்டதையெல்லாம் சேர்த்து இப்போது ஒரேயடியாகக் கொடுத்துவிடாதே, டாக்டர் பார்த்துதான் ஆரம்பிக்கணும் என்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை கண் சிமிட்டும் நேரம்கூட அவனைத் தனியாக விடாதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பரிதி மறுபடி சேர்க்கப்பட்டான். எப்போதும் ஒரு ஆள் அவன் பக்கத்தில் இருந்தார். மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். இலக்கியாவைத் துணை நர்ஸ் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை சம்பளமில்லாத விடுப்பு. இனி உனக்கு அந்த நாற்காலி கிடையாது என்று மேடம் சொன்னபோது அவர் குரல் தடுமாறியது. இலக்கியா தடுமாறவில்லை.

பதிந்ததை அழிக்க ஒரு வழி இருந்தது. பரிதி கொஞ்சம் நிலைக்கு வந்ததும் இன்னொரு முறை திறப்பு மருந்து கொடுத்து, அமைதியான ஒருவரை உட்கார வைக்க வேண்டும். பழகிய முகமாக இருந்தால் நல்லது என்றார் டாக்டர். அப்படியென்றால் செரின். அவளிடம் நான் கேட்கிறேன் என்று இலக்கியாவே சொன்னாள். தனக்கு அதுதான் தண்டனை என்று எண்ணிக்கொண்டாள்.

செரின் மறுக்கவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை. குறித்த நாளில் வந்தாள். இலக்கியா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்க, செரின் கதவு முன்னால் நின்று பட்டையைக் கட்டினாள். சிவப்பு எரிந்தது. மூச்சை இழுத்து விட்டு மறுபடி கட்டினாள். மறுபடியும் சிவப்பு. மூன்றாம் முறை அவள் பட்டையைப் பார்க்கவே இல்லை. கழற்றி மேடத்தின் கையில் கொடுத்துவிட்டுப் பெஞ்சுக்கு வந்தாள்.

“எனக்குப் பச்சை வராதுக்கா” என்றாள். “அவரு என்கூடப் பேசமாட்டேன்னதுல இருந்தே வரல. வேற எந்த ரூமுக்கும் வருது. இந்த ரூமுக்கு வர மாட்டேங்குது.”

செரின் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“பால்பல்லு, விழுந்துரும்னு எல்லாருக்கும் சொல்லுதோம். அவங்களுக்கு விழுந்துரும். ஆறு மாசம் கழிச்சு மார்க்கெட்டுல பார்த்தா யாரோன்னு போவாங்க. நமக்கு என்ன ஆவுதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. உங்களுக்கு ஆனதில்லையாக்கா?”

தனக்கு ஆனதுண்டா என்று இலக்கியா யோசித்துப் பார்த்தாள். ஒரு தபால்காரர் ஞாபகம் வந்தார். பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண். இருவரும் குணமாகிப் போன பிறகு பல நாட்கள் அந்த அறைகளைக் கடக்கும்போது அவள் நடை கொஞ்சம் வேகம் குறைந்ததுண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை; பரிதியிடமும் சொன்னதில்லை. இத்தனை மாதமாகத் தான் சந்தேகப்பட்டது உண்மைதான் என்று ஆகிவிட்டது. இப்போது அடிவயிற்றிலிருந்து அந்த எரிச்சல் எழும்பி வரும் என்று காத்திருந்தாள். எழும்பத்தான் செய்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் நிற்க இடமில்லாமல் அது கலைந்துபோனது. நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

மேடம் அங்கும் இங்கும் போன் போட்டார். கடைசியில் ஆண்கள் வார்டிலிருந்து துரைப்பாண்டி வந்தார். ஓய்வுபெற இன்னும் சில மாதமே இருந்த நர்ஸ். பெரிய தொந்தியோடு ஆடி அசைந்து வந்து, எந்த ரூம் என்று கேட்டு, பட்டையைக் கட்டிக்கொண்டார். கட்டி முடிப்பதற்குள் பச்சை எரிந்தது. இரண்டு பெண்களையும் பார்த்து ஏதோ விளங்காமல் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. செரின் ஒருமுறை எழுந்து கண்ணாடி வழியாகப் பார்க்கப் போனாள். பாதியில் நின்று திரும்பி வந்துவிட்டாள். இலக்கியா தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினாள். அவள் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இலக்கியாவும் குடித்தாள்.

கதவு திறந்தபோது இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள். பரிதி துரைப்பாண்டியின் தோளில் கை போட்டபடி வந்தான். மருந்து அடங்கிவிட்டிருந்தது, முகத்தில் அந்த எரிச்சல் இல்லை. இலக்கியாவைப் பார்த்தான், செரினைப் பார்த்தான், இருவரையும் பார்த்துப் பொதுவாகத் தலையாட்டினான்.

“அண்ணாச்சி சொல்லுதாரு, கேண்டீன்ல இப்ப சூடா வடை போடுவாங்களாம்” என்றான். “நாங்க ஒரு டீ குடிச்சிட்டு வாறோம்.”

அவர்கள் வராந்தாவின் கடைசிவரை அப்படியே நடந்தார்கள். துரைப்பாண்டி ஏதோ சொன்னார். பரிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இலக்கியாவுக்குச் சுருக்கென்றது. திரும்பி செரினைப் பார்த்தாள். அவள் முகத்திலும் அதேதான் இருந்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்த மாத்திரத்தில் செரின்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இலக்கியாவாலும் அடக்க முடியவில்லை. மனநல ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நர்ஸ்கள் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரிப்பதை, மெஹர் மேடம் கையில் பட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.